மேட்ச் முடிஞ்சதும் ஊரைப் பாருங்க: டீமோட மலேசியா போறவங்க கேட்ட கேள்விகள்

எங்க காலேஜ் வாலிபால் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆட கோலாலம்பூர், பினாங்குன்னு ஏழு நாள் போயிட்டு வந்ததைப் பத்தி ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதே பகுதியில கொஞ்சமா எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. பி.டி. சாருங்க, பி.டி. மேடங்க, அம்மா அப்பா, ஆடுற பிள்ளைங்க எல்லாரும் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டு, இந்த வாரம் முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க பொண்ணுங்க டீம் முதல் தடவையா மலேசியா போகுது. "மேட்ச் ஆடிட்டு வாங்க, ஊர் சுத்துறதெல்லாம் வேணாம், பணமும் டைமும் வேஸ்ட்"னு நிர்வாகத்துல சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்றது மேடம்?
– ஒரு பிசிகல் டைரக்டர், நாகர்கோவில்

சார், இதே பேச்சை நானும் கேட்டுட்டுத்தான் போனேன், அதனால உங்க சங்கடம் எனக்கு நல்லாவே புரியுது. அவங்ககிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு என்.சி.ஏ.ஏ. அவங்க மேல்மட்ட டிவிஷனுக்கான ரூல் புக்லயே ஒரு டீம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டு டூர் போகலாம், கிளம்புறதுக்கு முன்னாடி பத்து பிராக்டிஸ் கூடுதலா வெச்சுக்கலாம்னு இருக்கு, அங்க டிகிரியும் நாலு வருஷம்ங்கறதால சேர்ற பிள்ளைக்கு படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு டூராவது கிடைக்க வழி இருக்கு. அந்த டூர்ல மேட்சும் இருக்கும், ஊர் பாக்குறதும் இருக்கும், ரெண்டையும் சேர்த்துத்தான் ப்ளான் போடுவாங்க. அவ்ளோ போட்டி இருக்கற எடத்துலயே அதை வேஸ்ட்னு யாரும் நினைக்கல.

அடுத்து உடம்பு சம்பந்தமான விஷயம். மலேசியா நேரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க காலை ஆறரைன்னா நம்ம பிள்ளைங்க உடம்புக்கு இன்னும் விடியக்காலம் நாலு மணிதான். நாங்க போனது ராத்திரி ஃப்ளைட், சென்னையிலருந்து கிட்டத்தட்ட நாலு மணி நேரம், தூக்கமே இல்லாம விடிகாலையில போய் எறங்குனோம். அப்படி வந்த பிள்ளைங்களை அன்னிக்கே கோர்ட்ல எறக்கக் கூடாது. ஆனா ரூம்ல போட்டுப் பூட்டினாலும் பகல் பூரா தூங்கிட்டு ராத்திரி முழுச்சுக்கிட்டு கெடக்கும். அதனால அன்னிக்கு சாயங்காலம் வெயில் தணிஞ்சதும் கூட்டிக்கிட்டு நடங்க. நாங்க பெட்ரோனாஸ் ட்வின் டவர் கீழ இருக்கற பார்க்குக்குப் போனோம். 452 மீட்டர் உசரம், 88 மாடி, மேல ஏறணும்னா டிக்கெட் போடணும், அது கொஞ்சம் விலைதான். கீழ பார்க்குல உக்காந்து லைட் எரியறதைப் பாக்கறதுக்குக் காசு இல்ல, இருட்டுனதும் ஃபவுண்டன் லைட்டோட ஆடும். பத்து மணிக்கெல்லாம் பிள்ளைங்க தூங்கிருச்சுங்க, அடுத்த நாள் பிராக்டிஸ்ல ஒருத்தியும் கொட்டாவி விடல.

இன்னும் ஒண்ணு சொல்லணும். முதல் மேட்ச்ல நேர் செட்ல தோத்தோம். பஸ்ல ஒரு பேச்சு இல்ல, எங்க செட்டர், அதாவது அடிக்கறவளுக்குப் பாலைத் தூக்கிக் கொடுக்கறவ, ஜன்னல்ல தலையை சாய்ச்சவ ரூம் வர்ற வரைக்கும் எடுக்கவே இல்ல. மறுநாள் ரெஸ்ட். காலையில கே.எல். சென்ட்ரல்லருந்து ட்ரெயின் ஏறி பத்துமலை போனோம். ஸ்டேஷனை விட்டு எறங்குனா கோயில் பக்கத்துலதான், வாசல்ல 42.7 மீட்டர் உசரத்துல தங்கமா நிக்கிறார் முருகன். 2006 ஜனவரியில திறந்தது அது, செஞ்சவர் நம்ம திருவாரூர்க்காரர் தியாகராஜன் ஸ்தபதி. அவரே பண்ணின சேலம் முத்துமலை முருகன் இப்ப அதைவிட உசரம்னு எங்க சேலத்துப் பொண்ணு பெருமையா சொன்னா. 272 படி, 2018-ல பெயின்ட் அடிச்சதுலருந்து ஒவ்வொரு வரிசையும் ஒரு கலர். மேல குகைக்குள்ள போனா கூரை எங்கேயோ இருக்கு, அதுல ஒரு ஓட்டை, அது வழியா வெளிச்சம் சாய்வா விழுது. எங்க செட்டர் அங்கேயே நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என் பக்கத்துல வந்து, "மேடம், நேத்து நான் பாலை ரொம்பத் தாழ்வா கொடுத்துட்டேன், அடிக்கறவ எகிறி வர்றதுக்குள்ள பால் எறங்கிருது, இன்னும் உசரமா வெக்கணும் இல்ல மேடம்"னா. தோத்ததுக்கப்புறம் அவ பேசுன முதல் வார்த்தை அது. நாலு சுவத்துக்குள்ள உக்காத்தி வெச்சு வீடியோ போட்டுக் காட்டியிருந்தா அது அவ வாயிலருந்து வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். ரெண்டாவது மேட்ச்சை நாங்க ஜெயிச்சோம், அதுக்குப் பத்துமலைதான் காரணம்னு சொல்ல வரல, ஆனா அந்தப் பொண்ணு அன்னிக்குத் திரும்பி வந்ததை என் கண்ணால பாத்தேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை சார். படிக்கட்டு உள்ள எடத்தையெல்லாம் மேட்ச்சுக்கு முந்தின நாள் வெக்காதீங்க. ஏறும்போது மூச்சு வாங்கும், அது போயிரும். எறங்கும்போதுதான் தொடைக்கு வேலை, அந்த வலி அன்னிக்குத் தெரியாது, மறுநாளும் அதுக்கு மறுநாளும்தான் புடிக்கும். பினாங்குல தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. ஒரே வாரத்துல ரெண்டு மலையும் ஏறி எறங்குனா பிளாக்குக்கு குதிக்க கால் இருக்காது. பத்துமலைக்கு முட்டியை மூடுற மாதிரி டிரஸ் போடச் சொல்லுங்க, ஷார்ட்ஸோட போனா வாசல்லயே துணி வாடகைக்கு வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் ஏறணும். கையில பிளாஸ்டிக் கவர் இருந்தா குரங்கு விடாது.

கேள்வி: என் மகள் சுத்த சைவம், முட்டைகூட தொட மாட்டாள். பத்து நாள் பட்டினி கிடப்பாளோன்னு ராத்திரி தூக்கம் வரல. என்ன கொடுத்து அனுப்பட்டும்?
– ஒரு அம்மா, கரூர்

பட்டினி கெடக்க மாட்டாம்மா, தைரியமா அனுப்புங்க. கோலாலம்பூர்ல பிரிக்ஃபீல்ட்ஸ், பினாங்குல லிட்டில் இந்தியான்னு நம்ம ஆளுங்க ஏரியாவுல வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும், இட்லி தோசையும் இருக்கு. சீனங்க நடத்துற சைவக் கடைங்களும் நிறைய, அதுல பல கடைங்கள்ல வெங்காயம் பூண்டுகூட போட மாட்டாங்க. சோயாவுலயும் காளான்லயும் கறி மாதிரியே செஞ்சு வெச்சிருப்பாங்க, உங்க பொண்ணு அதைப் பாத்து பயந்துடாம நீங்க முன்னாடியே சொல்லி வைங்க.

பிரச்சினை வேற எடத்துல இருக்கு. "வெஜிடபிள்"னு சொல்லித் தர்ற சாப்பாட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம மீனும் எறாலும் இருக்கும். சம்பல்ல பெலாச்சான்னு ஒண்ணு போடுவாங்க, அது எறாலைப் புளிக்க வெச்சு எடுக்கற விழுது. நாசி லெமாக் வெறும் தேங்காப்பால் சோறு மாதிரிதான் தெரியும், ஆனா அது மேல வெக்கிற பொடி மீனு பேரு இக்கான் பிலிஸ், நம்ம நெத்திலி. கீரை வதக்கல்ல சிப்பி சாஸ் ஊத்துவாங்க. ரொட்டி சானாய் நம்ம பரோட்டாவோட சொந்தம்தான், தொட்டுக்கப் பருப்புக் குழம்பு கொடுப்பாங்க, அதுல மீன் குழம்பையும் ஒரு கரண்டி கலந்து ஊத்துற வழக்கம் உண்டு, அதனால "பருப்பு மட்டும்"னு முன்கூட்டியே சொல்லணும். கடையில தமிழ் பேசுறவங்க இருந்தா தமிழ்லயே சொல்லலாம், இல்லன்னா ஆயாம் கோழி, இக்கான் மீன், உடாங் எறா, சோத்தோங் கணவாய், தெலூர் முட்டை, பாபி பன்னி, இந்த ஆறு வார்த்தையை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க. டாகிங்னா கறி, அங்க அப்படிப் போட்டிருந்தா பெரும்பாலும் மாட்டுக்கறிதான். "வேணாம்"ங்கறதுக்கு "தாக் நாக்". தாக் நாக் இக்கான், தாக் நாக் தெலூர்னு எங்க டீம் சைவப் பொண்ணு ரெண்டாவது நாளே பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பிச்சுட்டா.

பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் இந்த மூணும் நல்லா கட்டிக் கொடுங்க, பெட்டியில போடணும், கைப்பையில தொக்கை வெச்சா செக்கிங்ல தூக்கிருவாங்க. சிங்கப்பூர் வழியாவோ துபாய் வழியாவோ போற டிக்கெட்டா இருந்தா கசகசா மட்டும் எந்தப் பொடியிலயும் சேர்க்காதீங்கம்மா, அந்த ரெண்டு ஊர்லயும் அது தடை செஞ்ச பொருள். கசகசால மார்ஃபின் அம்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், ஆடுற பிள்ளைங்களுக்கு ஊக்கமருந்து டெஸ்ட்லயும் அது சிக்கலைக் கொண்டு வரலாம், அதனால எந்த ஊருக்குப் போனாலும் ஆட்டக்காரப் பிள்ளைக்கு கசகசா வேணாம்ங்கறது என் கட்சி. சிங்கப்பூருக்குள்ள சூயிங்கமும் கொண்டு போகக் கூடாது, 1992-லருந்தே தடை.

கேள்வி: மேடம், நாங்க பினாங்குல ரெண்டு நாள் இருப்போம். எதைச் சாப்பிடாம வந்தா வருத்தப்படுவோம்?
– மூணு பேர் சேர்ந்து எழுதினது, தூத்துக்குடி

கண்ணுங்களா, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல நாசி கண்டார். நாசின்னா சோறு, கண்டார்னா தோள்ல கம்பு வெச்சு ரெண்டு பக்கமும் கூடை கட்டித் தூக்குறது, நம்ம ஊர்ல காவடி கட்டித் தூக்குற மாதிரியேதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க ஒரு கூடையில சோறும் ஒரு கூடையில குழம்புமா தூக்கிக்கிட்டு தெருத்தெருவா, ஹார்பர் பக்கமெல்லாம் போய் வேலையாளுங்களுக்கு வித்த சாப்பாடு அது. இப்ப பெரிய கடைங்க ஆயிருச்சு, ஆனா பேர்ல அந்தக் கம்பு இன்னும் இருக்கு. தட்டுல சோறு போட்டு, கோழியோ மீன் முட்டையோ நீங்க கை காட்டறதை வெச்சுட்டு, அஞ்சாறு குழம்பை ஒண்ணு மேல ஒண்ணா ஊத்துவாங்க. நெறைய வேணும்னா "பஞ்சிர்"னு சொல்லணும், மலாய்ல அதுக்கு வெள்ளம்னு அர்த்தம். எங்க ஊர்ல குழம்பைத் தனித்தனியா ஊத்திப் பழகின பொண்ணுங்க முதல்ல மூஞ்சியைச் சுளிச்சுதுங்க, ரெண்டாவது வாய்க்கு அப்புறம் பேச்சு நின்னு போச்சு.

ரெண்டாவது அசாம் லக்சா, மீன் சாறுல நூடுல்ஸ் போட்டது, அசாம்னா மலாய்ல புளி. இதைப் பத்தி நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா பாதிப் பேர் இதை வாசனையிலயே ஒதுக்கிட்டு வந்துருவாங்க. எங்க லிபரோ, அதாவது பின்வரிசையில நின்னு பாலை எடுக்கறவ, ராமேஸ்வரம் பக்கத்துப் பொண்ணு. கிண்ணத்தைக் கொண்டாந்து வெச்சதும் கலங்கலா ஒரு சாறு, உள்ள தடிமனா வெள்ளை அரிசி நூடுல்ஸ், மேல புதினா, அன்னாசி, வெள்ளரிக்காய், வெங்காயம், மிளகாய் எல்லாம் மெல்லிசா சீவிப் போட்டிருக்கு, ஓரத்துல ஒரு ஸ்பூன்ல கறுப்பா தேன் மாதிரி எறா விழுது. மத்ததுங்க எல்லாம் தள்ளி உக்காந்துருச்சு. இவ மட்டும் அந்தக் கறுப்பு விழுதை சாறுல கலக்கி ஒரு வாய் குடிச்சா, கண்ணை மூடினா, "மேடம், எங்க ஆச்சி காய்ச்சல் வந்தா வெக்கிற மீன் சாறு மாதிரியே இருக்கு"ன்னு சொன்னா. புளிப்பு, மீனு, உறைப்பு எல்லாம் நம்ம கடலோரத்து நாக்குக்குப் பழகினதுதான், புதினாவும் அன்னாசியும்தான் புதுசு. ஒரு கிண்ணம் நாலு கிண்ணம் ஆச்சு. தூத்துக்குடிப் பிள்ளைங்க நீங்க, உங்களுக்கு இது கண்டிப்பா புடிக்கும்னு எழுதியே தர்றேன்.

சார் குவே தியாவ்னு ஒரு தட்டை நூடுல்ஸ், பெரிய இரும்புச் சட்டியில கொழுந்து விட்டு எரியற நெருப்புல எறா, சிப்பி, முட்டை, முளைக்கட்டின பயறு போட்டு ரெண்டு நிமிஷத்துல புரட்டி எடுப்பாங்க. சீனக் கடைங்கள்ல பன்னிக் கொழுப்பு சேர்ப்பாங்க, முஸ்லிம் பிள்ளைங்களும் பன்னி சாப்பிடாதவங்களும் கேட்டுட்டு வாங்குங்க, ஹலால் கடைங்கள்லயும் இது கிடைக்குது. செண்டோல் குடிக்காம வராதீங்க, சீவின ஐஸ் மேல தேங்காப்பால், பனைவெல்லம், பச்சையா புழு மாதிரி அரிசி மாவு ஜெல்லி, கொஞ்சம் ராஜ்மா. மத்தியான வெயில்ல பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுன் தெருவுல சுத்தி வந்துட்டு அதைக் குடிச்சா உயிர் வரும். தமிழ் முஸ்லிம்கள் நடத்துற மாமாக் கடையில தே தாரிக், நம்ம டீ மாஸ்டர் ஆத்துற மாதிரியே ஆத்திக் கொடுக்கறது, அதுல கன்டென்ஸ்டு மில்க் அள்ளி ஊத்துவாங்க, "குராங் மானிஸ்"னு சொன்னா இனிப்பைக் குறைப்பாங்க. மாமாக்ங்கற பேரே நம்ம மாமாதான். பார்சலுக்கு அங்க "தாப்பாவ்".

சாப்பிடறதுக்கு நடுவுல தெருவையும் பாருங்க. ஜார்ஜ் டவுன் 2008-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த ஊரு, கூடவே மலாக்காவும். ஒரே தெரு நெடுகப் போனா தமிழ் முஸ்லிம்கள் கட்டின கபித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனக் கோயில், ஆங்கிலேயன் கட்டின சர்ச்சுன்னு வரிசையா வரும், மாரியம்மன் கோயிலும் பக்கத்துலயே. சைக்கிள்ல ரெண்டு குழந்தை போற மாதிரி சுவத்துல வரைஞ்சது ஆர்மீனியன் தெருவுல இருக்கு, போட்டோ எடுக்க கியூ நிக்கும். எங்க பொண்ணுங்க அதைவிட போர்டு படிக்கறதுல எறங்கிருச்சுங்க. கடைக்கு மலாய்ல கெடாய்னு போட்டிருக்கும், கப்பலுக்கு காப்பால், கட்டிலுக்கு காத்தில், மாம்பழத்துக்கு மெம்பெலாம். நம்ம ஊர்லருந்து கப்பல்ல போன வார்த்தைங்க அது எல்லாம். "மேடம், இது நம்ம வார்த்தை, மேடம், இது நம்ம வார்த்தை"ன்னு ஒவ்வொரு போர்டா கை காட்டிக்கிட்டு வந்துச்சுங்க, பஸ் வந்ததையே கவனிக்கல.

கேள்வி: புது சாப்பாடு, மேட்ச், ரெண்டும் ஒத்து வருமா? எதை எப்ப சாப்பிடலாம்?
– ஒரு கோச், ஈரோடு

புதுசு எதுவா இருந்தாலும் மேட்ச் முடிஞ்சப்புறம்தான். இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். சில வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு டீமோட போனப்ப, மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி பிள்ளைங்க ஆசைப்படுதேன்னு ஒரு சாப்பாட்டுக் கடையில விட்டுட்டேன், எண்ணெயில பொரிச்சது, கடல் சிப்பி, ஐஸ் போட்ட ஜூஸ்னு எல்லாம் கலந்து உள்ள போச்சு. விடிகாலை மூணு மணிக்குக் கதவைத் தட்டினாங்க. மூணு பேருக்கு வாந்தி, பேதி. காலையில ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் கொடுத்துக்கிட்டு நான் ரூம்ல உக்காந்திருக்க, மிச்சப் பிள்ளைங்க ஆறே பேரா, சப்ஸ்டிட்யூட்டே இல்லாம ஆடுச்சுங்க. அன்னிக்கு அவங்களைத் தடுக்காதது என் தப்பு, இன்னிக்கும் அதை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அதனால இப்ப நான் வெச்சிருக்கற முறை இதுதான். மேட்ச்சுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி வெள்ளைச் சோறு, காரமில்லாத கோழி, இல்ல முட்டை, வாழைப்பழம். முந்தின ராத்திரியும் பழகின சாப்பாடுதான். தண்ணி பாட்டில், இல்லன்னா காய்ச்சினது, "ஆயர் சுவாம்"னு கேட்டா வெதுவெதுன்னு வெந்நி தருவாங்க. ஊரு வேகாடா இருக்கும், ஏ.சி.யில உக்காந்துட்டு தாகம் தெரியலன்னு பிள்ளைங்க தண்ணி குடிக்காது, நீங்கதான் விரட்டணும். மேட்ச் முடிஞ்ச ராத்திரி அவங்க இஷ்டம், கூட்டம் வந்து போற கடையா, சூடா கண்ணு முன்னாடி செஞ்சு தர்ற கடையா பாத்து உக்காருங்க. துரியன் பழத்தை வெளியிலயே சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க, ஹோட்டல்ல உள்ள விட மாட்டாங்க.

கறி விஷயத்துல இன்னொண்ணு. 2011-ல மெக்சிகோல 17 வயசுக்குட்பட்டவங்க கால்பந்து உலகக் கோப்பை நடந்துச்சு, அதுல 109 பசங்க சாம்பிள்ல கிளன்பியூட்டரால்ங்கற மருந்து இருந்துச்சு. மாட்டுக்குக் கொழுப்பில்லாம சதை ஏத்தறதுக்காகக் கொடுத்த மருந்து, கறி வழியா பசங்க உடம்புக்குள்ள போயிருக்கு. மலேசியாவுக்கு இதைச் சொல்லல, ஆனா நேஷனல் லெவல்ல டெஸ்ட் கொடுக்கற பிள்ளை எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு நிலவரத்தைக் கேட்டுட்டுப் போறது நல்லது.

கேள்வி: வீட்டுல கஷ்டப்பட்டு அஞ்சாயிரம் ரூபா தர்றதா சொல்லியிருக்காங்க. கூட வர்றவங்க எல்லாம் வசதியானவங்க. நான் என்ன பண்றது?
– ஒரு ப்ளேயர், பெரம்பலூர்

பாப்பா, தாராளமா போதும். அங்கத்த காசு ரிங்கிட், ஒரு ரிங்கிட் நம்ம காசுல 20 ரூபாய்க்கு மேல. தங்கறதும் மூணு வேளைச் சாப்பாடும் காலேஜ் பாத்துக்கும்ல, உன் காசு டீக்கும் ரொட்டிக்கும்தான், மாமாக் கடையில அது ரெண்டும் சேர்ந்தே அஞ்சு ரிங்கிட்டுக்குள்ள முடிஞ்சிரும். ஜார்ஜ் டவுனுக்குள்ள சுத்தி வர்ற ஒரு பஸ் டிக்கெட்டே இல்லாம ஓடுது. கோலாலம்பூர்லருந்து ட்ரெயின்ல பட்டர்வொர்த் போய் ஃபெர்ரியில பினாங்குக்குப் போங்கன்னு உங்க கோச்கிட்ட சொல்லு, கடல் காத்துல நின்னுக்கிட்டு ஊரு கிட்ட வர்றதைப் பாக்கறது அவ்ளோ நல்லா இருக்கும். நான் எங்க பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரே அளவு கைச்செலவுக் காசுதான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுட்டேன், பி.டி. சார், மேடம் யாரு படிச்சாலும் இதைச் செய்யுங்க, ஒரு பிள்ளைகூட கடை வாசல்ல தனியா நிக்கக் கூடாது.

கேள்வி: பொண்ணுக்கு இப்பதான் பாஸ்போர்ட் எடுக்கறோம். என்ன பாத்துக்கணும்?
– ஒரு அப்பா, விருதுநகர்

பேரைப் பாருங்க அண்ணே. நம்ம ஊர்ல இனிஷியல்தான் எல்லாப் பிரச்சினைக்கும் ஆரம்பம். மார்க்‌ஷீட்ல இனிஷியல், ஆதார்ல அப்பா பேரு முழுசா, பாஸ்போர்ட்ல வெறும் பேரு மட்டும்னு இருந்தா டிக்கெட் போடறப்ப குழப்பம். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே டிக்கெட் போடணும். சர்நேம் கட்டத்தைக் காலியா விடாம அப்பா பேரைப் போட்டுடுங்க, 2022 நவம்பர்லருந்து துபாய் பக்கம் ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவுல கெடுபிடி பண்றாங்க. மலேசியாவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல வருகைப் படிவம் ஒண்ணு நிரப்பணும், அதையும் காலேஜ்ல பண்ணிட்டாங்களான்னு கேளுங்க. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒண்ணு பொண்ணுகிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. எங்க போனாலும் மூணு மூணு பேரா போகச் சொல்லுங்க. அவ்ளோதான், பயப்படாதீங்க.

கேள்வி: நம்மகூட ஆடுற டீமுக்கு ஏதாவது கொண்டு போகணுமா? என்ன கொடுத்தா நல்லா இருக்கும்?
– ஒரு கேப்டன், கோவில்பட்டி

கட்டாயம் கொண்டு போ கண்ணு. இதுக்கு ஒரு நிஜக் கதை சொல்றேன். 1971-ல ஜப்பான்ல நகோயா ஊர்ல டேபிள் டென்னிஸ் உலகப் போட்டி நடந்துச்சு. அமெரிக்க டீம்ல கிளென் கோவன்னு 19 வயசுக் காலேஜ் பையன், தன் டீம் பஸ்ஸை விட்டுட்டு சீன டீம் பஸ்ல ஏறிட்டான். அப்ப அந்த ரெண்டு நாட்டுக்கும் தூதரக உறவே கிடையாது. பஸ்ல எல்லாரும் கம்முனு இருக்க, பின்னாடி இருந்து சீனாவோட பெரிய ஆட்டக்காரர் சுவாங் செடோங் எழுந்து வந்து, மலை போட்ட ஒரு பட்டுத் துணியை அவன் கையில கொடுத்தார். திருப்பிக் கொடுக்க இவன் பையைத் தொழாவுறான், ஒரு சீப்பைத் தவிர ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரு டி-ஷர்ட் வாங்கிக்கிட்டு வந்து கொடுத்தான். அடுத்த சில நாள்லயே அமெரிக்க டீமுக்கு சீனாவுலருந்து அழைப்பு வந்து, பெருஞ்சுவர் எல்லாம் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. நீ பையில சீப்பை மட்டும் வெச்சுக்கிட்டு நிக்காத.

உங்க ஊர்லயே இருக்கே, கடலை மிட்டாய். 2020-ல புவிசார் குறியீடு வாங்கினது, கெட்டும் போகாது, வெயிட்டும் கம்மி. கொடுக்கறதுக்கு முன்னாடி வேர்க்கடலை ஒத்துக்காதவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டுக்க, அது சில பேருக்கு ஆபத்து. நாங்களும் அதைத்தான் கொண்டு போனோம். கடைசி மேட்ச் முடிஞ்சு நெட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு கை கொடுத்துட்டு, எல்லாரும் தரையிலயே வட்டமா உக்காந்தாங்க. அவங்க டீம்ல ஒரு உசரமான மலாய்ப் பொண்ணு, எங்களை அன்னிக்கு ஏழெட்டு தடவை பிளாக் பண்ணினவ, ஒரு துண்டைக் கடிச்சுட்டு "காச்சாங்!"னு கத்தினா. மலாய்ல கடலைக்கு அதான் பேரு. எங்க ராமேஸ்வரத்து லிபரோ படக்குனு நிமிர்ந்து, "மேடம், எங்க ஊரு அகதிங்க கேம்ப்ல இருக்கற இலங்கை அக்காங்க கடலையை கச்சான்னுதான் சொல்வாங்க"ன்னா. அதை இங்கிலீஷும் கையுமா அந்தப் பொண்ணுக்குச் சொல்ல, அவ "கச்சான், கச்சான்"னு நாலஞ்சு தடவை சொல்லிப் பாத்துட்டு, பாக்கெட்டுல மிச்சம் இருந்ததை எடுத்து ஜெர்சிக்குள்ள சுத்தி வெச்சுக்கிட்டா, வீட்டுல தம்பி இருக்கானாம்.